முறையைச் சொல்லிவிட்டுப் பேசியவர்

யாரைப் பற்றி எது கேட்டாலும், அவர் தனக்கு என்ன உறவுமுறை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் லாத்தா பதில் சொல்வார். அதில் அவருக்கு அலுப்பே கிடையாது.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் நான் கட்டில் ஒன்றை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்கிய புதிதில், கட்டிலைச் சுற்றி மறைக்க ஒரு திரை தேவைப்பட்டது. எங்கே வாங்கலாம் என்று லாத்தாவிடம் கேட்டேன்.

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கடை இருக்கு. கடைக்காரர் என் மாமி மவன். இப்ப கேளு, துணி நல்லாத்தான் இருக்கும். ஆனா மாமி மவனாச்சே, நான் அப்படித்தானே சொல்வேன்? அதனால வேற கடையும் பாத்துட்டு வா, புள்ள.”

நான் வேறு கடை எதையும் பார்க்கவில்லை. நேராக அங்கே போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிற பெண்ணின் உறவினர் ஏமாற்றுவாரா என்பது அவர்கள் கணக்கு. லாத்தா எச்சரிக்க எச்சரிக்க மாமி மவனுக்கு வியாபாரம் பெருகியது.

சட்டப் படிப்பு முடித்த கையோடு, ஒரே இடத்தில் உட்கார முடியாத கால்களோடு நான் வந்து சேர்ந்த வக்கீல் அலுவலகம் அது. உரிமையாளர் அந்த நாட்டுக்காரர். அவரை எல்லோரும் உஸ்தாத் என்போம். லாத்தா அங்கே ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். தென்கோடிக் கடற்கரை ஊர் ஒன்றில் பெண்கள் அரபிக் கல்லூரியில் படித்தவர். ஏட்டு அரபியோடு வந்து, இங்கே கடைத்தெருவிலும் நீதிமன்றத் தாழ்வாரத்திலும் பேச்சு அரபியைப் பிடித்துக்கொண்டவர். லாத்தா என்றால் அவர்கள் ஊரில் அக்கா. மலையாளி கணக்கர் முதல் பாகிஸ்தானி டிரைவர் வரை அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் அக்காவான ஒருவர், தனக்கு யார் யார் சொந்தம் என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருந்தார்.

சட்டக் கல்லூரியில் நலமுரண் என்ற பாடத்தைக் கேட்ட அன்றே எனக்கு அது பிடித்துப்போனது. இரண்டு பக்கத்திலும் கால் வைத்திருப்பவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சொல்லத்தான் வேண்டுமென்றால், அதை முன்பே வெளிப்படுத்தி, பாதிக்கப்படக்கூடியவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் வெய்வர் என்போம். எவ்வளவு அழகான ஏற்பாடு! புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த அந்த ஏற்பாடு கறுப்பு அபாயா அணிந்து, கையில் இஞ்சிச் சாயாவோடு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேசிய தினத்தை ஒட்டி ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தார்கள். லாத்தா நடுவர். படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் சட்டென எழுந்துவிட்டார். அவர் தங்கியிருந்த ஃபிளாட்டில் இன்னொரு அறையில் இருந்த குடும்பத்தின் சிறுமி வரைந்த படமும் அதில் இருந்ததாம்.

“அந்தப் புள்ள தினமும் என் தட்டுலதான் சோறு தின்னுது. நான் பாக்க மாட்டேன்.”

வெளியே போய், தாழ்வாரத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் இயந்திரத்தை ஒட்டி நின்றுகொண்டார். பரிசு அறிவிக்கும்வரை உள்ளே வரவில்லை. அது அவருடைய இடம். தனக்கு வேண்டியவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அங்கே போய் நிற்பார்.

கணக்கர் விடமாட்டார். “அல்ல லாத்தா, உங்க மாப்பிள்ளையும் மாமா மகனல்லோ? நிக்காஹ்வுக்கு வெய்வர் எழுதி வாங்கியோ?”

“வாங்கலை சேட்டா. அதான் இப்ப அனுபவிக்கிறேன்.”

மாப்பிள்ளை, அதாவது லாத்தாவின் கணவர், ஓமானில் சோஹார் துறைமுகத்தில் வேலை பார்த்தார். லீவு கிடைக்கும்போது பஸ்ஸில் வந்து போவார். வாராவாரம் வந்தது லாத்தாவின் தம்பிதான். வீடு கட்டும் கம்பெனி ஒன்றில் சைட் ஃபோர்மேன். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை முடித்து நேரே லாத்தாவின் ஃபிளாட்டுக்கு வருவார். மீன் வாசனைக்கு நானும் போய்ச் சேர்வேன்.

“வக்கீலம்மா, எங்க லாத்தா சின்னதுல கண்ணாமூச்சி ஆடும் பாருங்க, கண்ணைக் கட்டுனா கட்டுனதுதான். எல்லாப் புள்ளையளும் இடுக்கு வழியாப் பாக்கும். இது பாக்கவே பாக்காது. அதனால யாரையும் பிடிச்சதே கிடையாது.”

“கள்ள ஆட்டம் ஆடிப் பிடிக்கிறதுக்குப் பிடிக்காமலே இருக்கலாம்,” என்று லாத்தா அடுக்களையிலிருந்து சொல்வார்.

இந்த அக்கா தம்பிக்கு நடுவில்தான் உம்மு காலித் வந்தார். காலிதின் தாய் என்று பொருள். மூத்த மகன் பெயரால் தாயை அழைப்பது அந்த ஊர் மரியாதை. கணவரை இழந்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்தவர். அண்ணன் வீட்டின் பக்கவாட்டு அறைகளில் பிள்ளைகளோடு வருடக்கணக்காக ஒண்டியிருந்தவர். குடிமக்கள் சொந்த வீடு கட்டிக்கொள்ள அரசு தருகிற கடன் அவருக்குக் கிடைத்திருந்தது. அஸ்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து சரி பார்க்கப்பட்டதும் கடன் தொகை ஒப்பந்தக்காரருக்கு நேரடியாகப் போகும். அந்தப் பத்திரங்களைத் தயாரிப்பது எங்கள் வேலை. ஒப்பந்தக் கம்பெனியின் பெயரைப் பார்த்ததும் லாத்தா கோப்பை மூடிவிட்டார். தம்பி வேலை பார்க்கும் கம்பெனி. விசாரித்தால், அந்த வீட்டுக்கே ஃபோர்மேன் தம்பிதான்.

“உஸ்தாத், இதை வேற யாருகிட்டயாவது குடுங்க.”

“யாருகிட்டக் கொடுப்பேன்? அரபியில எழுத எனக்கு நீ ஒருத்திதான் இருக்கே. அந்த அம்மாவிடம் சொல்லி வெய்வர் வாங்கிக்கோ. கலாஸ், முடிஞ்சது.”

பொதுப்பணத்தில் தரும் கடன் என்பதால் விதியும் அதையேதான் சொன்னது: பத்திரம் தயாரிப்பவருக்கும் ஒப்பந்தக்காரர் தரப்புக்கும் உறவு இருந்தால், கடன் வாங்குபவருக்குத் தெரிவித்து எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். லாத்தாவுக்கு அது போதவில்லை. கடைசியில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னார்: வீடு தொடர்பாக ஏதேனும் தகராறு எழுந்தால், இந்த ஊழியர் கோப்பைத் தொடமாட்டார், அது பற்றி இரு தரப்பில் யாரிடமும் பேசவும் மாட்டார்.

“இவ்வளவு யாரும் கேட்கலையே,” என்றார் உஸ்தாத்.

“நான் கேக்குறேன்,” என்றார் லாத்தா.

அதன் ஆங்கிலப் பிரதியைத் தட்டச்சு செய்தது நான். அந்த வாக்கியத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும் அது நல்ல வாக்கியம்தான். எந்தப் பாடப்புத்தகத்திலும் சேர்க்கலாம்.

கையெழுத்திட வந்தபோது உம்மு காலித் ஃபிளாஸ்கில் கஹ்வா என்கிற அரபுக் காப்பியும் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் கொண்டுவந்திருந்தார். வக்கீல் அலுவலகத்துக்கு விருந்தோம்ப வந்தவர் போல எல்லோருக்கும் சின்னக் கோப்பைகளில் அவரே ஊற்றினார். லாத்தா வெய்வரை ஒரு சொல் விடாமல் வாசித்து, பிறகு தன் வாயாலும் விளக்கினார். அவர்கள் பேசிய அரபியை லாத்தா அவ்வப்போது எனக்குத் தமிழில் சொன்னார்.

“உன் தம்பியா?” உம்மு காலிதின் முகம் மலர்ந்தது. “சொந்தத் தம்பியா? ஒரே உம்மாவா?”

“ஒரே உம்மா.”

“அல்ஹம்துலில்லாஹ்! எங்கே போடணும் கையெழுத்து?”

“பொறுங்க. இது சந்தோஷப்படுற விசயம் இல்லை. நான் உங்களுக்கு வேலை செய்யிறவ. என் தம்பி எதிர்ப்பக்கம். நான் அவன் பக்கம் சாஞ்சிரலாம்.”

“நீ ஏன் சாயப்போறே? தரையில ஒரு கோணல் வந்தா நான் உன் காதைப் பிடிப்பேன். நீ உன் தம்பி காதைப் பிடிப்பே. வேற ஒப்பந்தக்காரன்கிட்ட எனக்கு இப்படி ஒரு காது கிடைக்குமா?”

அலுவலகமே சிரித்தது. லாத்தா மட்டும் மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். உம்மு காலித் அவர் வாசித்து முடிக்கும்வரை மரியாதைக்காகக் காத்திருந்து, கையெழுத்திட்டார். குடித்த கோப்பையை இலேசாக ஆட்டினால், ‘இனி ஊற்ற வேண்டாம்’ என்று அர்த்தம். லாத்தா ஆட்டினார். உம்மு காலித் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி இன்னொரு தடவை ஊற்றினார். ஃபிளாஸ்கை எங்களிடமே விட்டுவிட்டு, அடுத்த முறை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அப்படித்தான் ஒவ்வொரு முறையும் விட்டுப் போவார். திரும்பி வருவதற்கு அது ஒரு சாக்கு.

ஒரே தாளில் இரண்டு பேர் இரண்டு காரியத்துக்குக் கையெழுத்து வாங்கியும் போட்டும் முடித்திருந்தார்கள். லாத்தாவுக்கு அது, தம்பியின் அக்கா என்பதை அந்த வீட்டு விஷயத்திலிருந்து வெட்டியெடுக்கும் பத்திரம். உம்மு காலிதுக்கோ, அந்த அக்காவைத் தனக்கென்று எழுதி வாங்கிய பத்திரம்.

சுவர் எழும்ப ஆரம்பித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே தொடங்கினார்.

“லாத்தா, அந்த உம்மு காலித் வீட்டுல தரைக்கு அடியில...”

“அந்தப் பேரை இங்க எடுக்காத.”

“இல்ல லாத்தா. மனசுக்குச் சரியில்ல. ஒண்ணு கேட்டுக்கிறேன்.”

“வேலை விசயம்னா உங்க இன்ஜினியர்ட்டக் கேளு. என் காதுல போட்டா நான் என்ன செய்ய? அங்கிட்டுச் சொன்னா உன் வேலை போவும். சொல்லாட்டி நான் கள்ளி. ரெண்டுல எதுவா இருக்கச் சொல்ற?”

“அதுக்கில்ல...”

“மீன் ஆறுது. தின்னு.”

தம்பி தின்றார். அன்று கண்ணாமூச்சிக் கதை எதுவும் சொல்லவில்லை. அடுத்தடுத்த வெள்ளிகளிலும் அவர் வாயைத் திறப்பதும், லாத்தா கையை உயர்த்துவதும் நடந்தன. எனக்கு அப்போது லாத்தாவின் மேல்தான் வியப்பு. சொந்தத் தம்பியிடமே இப்படி இருக்க யாரால் முடியும்?

தரை ஓடு பதித்து, வண்ணம் பூசி, சாவி வாங்கும் நேரத்தில் உம்மு காலித் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஃபோன். கீழ்த்தளத்தில் அவருக்கென்று ஒதுக்கியிருந்த அறையின் வீடியோ. மாடி ஏற முடியாத கால்களுக்காகக் கேட்டுக் கட்டிய அறை. தரையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கிறார்கள். அது தானாக மூலைக்கு ஓடுகிறது. கதவு பாதியில் ஓட்டில் முட்டி நிற்கிறது. கம்பெனி, ஓடு பதித்தவன் பிழை, பூசிச் சரி செய்துவிடலாம் என்கிறதாம். அரசு கடைசித் தவணையை நிறுத்திவிட்டது. தகராறு தீரும்வரை குடிபோக முடியாது. மறுபடி அண்ணன் வீட்டுப் பக்கவாட்டு அறைதான்.

அவர் உஸ்தாதின் அறைக்குப் போகவில்லை. நேராக லாத்தாவின் மேசைக்கு வந்தார். இதற்குள் அவர்கள் பேசும் அரபி எனக்கே புரிய ஆரம்பித்திருந்தது.

“உன் தம்பி என்ன சொல்றான்? மேல் பூச்சுப் பிழையா, இல்லை அதுக்கும் கீழேயா? அதை மட்டும் சொல்லு எனக்கு.”

லாத்தா எழுந்து நின்றார். “மன்னிச்சிருங்க. தகராறு வந்துட்டா நான் இதைப் பத்திப் பேசக்கூடாது. நீங்க கையெழுத்துப் போட்டதுல இருக்கு.”

“நான் எதுக்குக் கையெழுத்துப் போட்டேன்? நீ அவன் அக்கா என்கிறதுக்காகத்தானே போட்டேன்?”

லாத்தா மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே போய், லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடிக் கதவு வழியே அவர் முதுகு தெரிந்தது. உஸ்தாத் வெளியே வந்து, அந்த அம்மாவை உட்காரச் சொல்லி, வேறு ஆளைக் கோப்புக்குப் போடுவதாகச் சொன்னார். உம்மு காலித் உட்காரவில்லை. போன முறை விட்டுச் சென்ற ஃபிளாஸ்கை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். லிஃப்டு வர நேரமானது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அங்கே நின்றார்கள்.

பிறகு நடந்ததைத் தம்பி சொல்லித்தான் அறிந்தேன், விமான நிலையத்தில். அவருடைய வேலை ஒப்பந்தத்தைக் கம்பெனி புதுப்பிக்காததால் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். லாத்தா பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் சரி பார்த்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார்.

“தரைக்கு அடியில மண்ணை அடுக்கடுக்காப் போட்டு, தண்ணி அடிச்சு, மிஷின் ஓட்டி இறுக்கணும் வக்கீலம்மா. கம்பெனிக்கு அவசரம். ஒரேயடியாக் கொட்டி மூடச் சொல்லிட்டாங்க. அன்னைக்கே சொன்னா ஓடு கீடு எதுவும் பதிக்காம திருத்தியிருக்கலாம். எத்தனை வெள்ளிக்கிழமை சொல்ல வந்தேன்! எனக்கு இந்த ஊருல வேற யாரு இருக்கா சொல்ல?”

“பிறகு யாரிடம் சொன்னீங்க?”

“அந்தம்மாகிட்டயே போயிட்டேன். ஜும்ஆ முடிஞ்சு இங்க வராம, அங்க போனேன். எல்லாத்தையும் சொன்னேன். ஒரு இடத்துல உடைச்சுப் பாக்கச் சொல்லுங்கன்னேன். உடைச்சாங்க. உள்ள கையை விட்டா புதுமண்ணாட்டம் போவுது.”

யார் சொன்னது என்று உம்மு காலித் எவரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் கம்பெனிக்குப் புரியாதா? உஸ்தாத் அந்தக் கம்பெனி முதலாளிக்கு நல்ல பழக்கம். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பியை வேறு சைட்டுக்கு மாற்றி வைத்துக்கொண்டிருப்பார்கள். உஸ்தாதிடம் கேளுங்கள் என்று நான் முன்பே லாத்தாவிடம் கெஞ்சியே பார்த்தேன். “என் தம்பிக்கு நான் எப்படிப் புள்ள கேப்பேன்?” என்றார். வேறு யாருக்காக அக்கா கேட்பார் என்று எனக்குப் புரியவில்லை.

தண்ணீர் பாட்டிலோடு வந்தவர் அதைத் தம்பியின் பைக்குள் வைத்தார். பாதுகாப்புச் சோதனையில் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

“உம்மாட்ட என்ன சொல்லட்டும்?” என்று கேட்டார் தம்பி.

“நடந்ததைச் சொல்லு.”

“நீ கேக்கலைன்னும் சொல்லவா?”

“அதையும் சொல்லு,” என்றார் லாத்தா.

கம்பெனி தன் செலவில் தரையை உடைத்து, மண்ணை வாரி, முறையாக இறுக்கி, மறுபடி ஓடு பதித்துக் கொடுத்தது. கோப்பு முடிந்த பிறகு உம்மு காலித் குடிபோனார். அலுவலகத்தில் எல்லோருக்கும், கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் குழைத்த ஹரீஸ் கொடுத்து அனுப்பினார். லாத்தாவுக்கும் ஒரு டப்பா இருந்தது. எல்லோருக்கும் இருந்த அதே அளவு.

“கோப்பு மூடியாச்சா உஸ்தாத்?”

“மூடியாச்சு.”

“முழுசா?”

“முழுசா, யா பின்த்தி, என் மகளே. இனிமேலாவது அந்த அம்மாவைப் போய்ப் பார்.”

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே உம்மு காலித் வரவேற்று, விருந்தினர் கூடத்தில் உட்காரவைத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரீச்சை, கஹ்வா, ஊர் விசாரிப்பு, எல்லாம் முறைப்படி. முன்பு அலுவலகத்தில் லாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்த கை இப்போது கோப்பையை நீட்டியபோது விரல் படாமல் நீட்டியது.

“என் தம்பி என்கிட்டதான் முதல்ல சொல்ல வந்தான்,” என்றார் லாத்தா. “நான்தான் கேக்கலை.”

“தெரியும். அவன் அதையும் சொன்னான்.”

பிறகு உம்மு காலித் ஃபிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு, கையில் கோப்பைகளோடு எங்களைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துத் தரையின் நடுவில் வைத்தார். அது அசையாமல் நின்றது. மூவரும் சிரித்தோம். அந்த நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். ஜன்னல் மொட்டையாக இருந்தது. வெயில் கட்டிலுக்கு நேராக விழுந்தது. நான்தான் கேட்டேன், திரை இன்னும் போடவில்லையா என்று.

“நல்ல துணியாத் தேடறேன். எல்லாம் வெளுத்துப் போற துணியா இருக்கு.”

லாத்தாவின் முகம் எவ்வளவோ நாளுக்குப் பிறகு தெளிந்தது. “ரோலாவுல ஒரு கடை இருக்கு. இந்த வெயிலைத் தாங்குற துணி அங்க கிடைக்கும்.” ஒரு மூச்சு நிறுத்தினார். “கடைக்காரர் என் மாமி மவன்.”

“உன் சொந்தமா?”

“சொந்தம்.”

“அப்ப வேண்டாம்,” என்றார் உம்மு காலித்.

கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஃபிளாஸ்கை எடுத்தார்.

“சரியாத்தான் சொல்றாங்க,” என்றார் லாத்தா தமிழில், எனக்கு மட்டும். பிறகு கோப்பையை இலேசாக ஆட்டினார். உம்மு காலித் உடனே அதை வாங்கிக்கொண்டார்.